பால் கொடுக்கும் காலத்தில் மாதவிடாய்: அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரசவமான பெண்களிடம் பேசினால் பாதிப்பேர் "இன்னும் குளிக்கவே இல்லையே" என்று கவலைப்படுகிறார்கள். மீதிப்பேர் "அதுக்குள்ள வந்துடுச்சே" என்று கவலைப்படுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் வந்துவிட்டது என்பதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. வரவில்லை என்பதற்காகக் கரு தங்காது என்று இருந்துவிடவும் கூடாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

குழந்தை பிறந்து எத்தனை மாதத்தில் மாதவிடாய் திரும்பும்?

எல்லாருக்கும் பொதுவாக ஒரு கணக்கு கிடையாது. தாய்ப்பாலே கொடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்துக்குள் வந்துவிடும். முழுக்கத் தாய்ப்பால் கொடுப்பவர்களில் பலருக்கு 6 மாதம் தாண்டும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். பால் மறக்கடித்த பிறகுதான் வரும் என்கிறவர்களும் உண்டு. இராப்பகலாகப் பால் கொடுத்தும் இரண்டாம் மாதமே வந்துவிடுகிறவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 7 நாடுகளில் பால் கொடுக்கும் தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் இல்லாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு, அதாவது பாதிப்பேருக்கு மாதவிடாய் திரும்பிவிட்ட காலம், புது தில்லியில் 4 மாதம், சீனாவின் செங்டுவில் 9 மாதம். ஊருக்கு ஊர் இவ்வளவு வித்தியாசம் என்றால், உங்கள் நாத்தனாருக்கு வந்த மாதத்தை உங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஒரே பெண்ணுக்கு முதல் பிரசவத்தில் ஒரு மாதிரியும் இரண்டாவதில் வேறு மாதிரியும் இருக்கலாம்.

சுகப்பிரசவமா சிசேரியனா என்பதால் இதில் மாற்றம் வராது.

பால் கொடுத்தால் மாதவிடாய் ஏன் நிற்கிறது?

குழந்தை காம்பைச் சப்பும்போது அந்த உணர்வு நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பாலை உண்டாக்குவது அதுதான். இதே நேரத்தில், சினைப்பையில் கருமுட்டையை வளரச் சொல்லி மூளை விட்டு விட்டு அனுப்பும் கட்டளை மந்தமாகிவிடுகிறது. முட்டை முதிராவிட்டால் கருப்பையின் உள்சவ்வும் வளராது. சவ்வு வளராவிட்டால் மாதாமாதம் கழிய எதுவும் இருக்காது.

ஆக, இதில் முக்கியம் எவ்வளவு பால் சுரக்கிறது என்பதல்ல, குழந்தை எத்தனை தடவை சப்புகிறது என்பதுதான். ராத்திரியில் கொடுக்கும் பாலுக்கு இதில் தனி இடம் உண்டு, ஏனென்றால் புரோலாக்டின் இரவில்தான் அதிகம் சுரக்கிறது. குழந்தை விடியவிடியத் தூங்க ஆரம்பித்தாலோ, நடுவில் புட்டிப்பால் புகுந்தாலோ, 6 மாதத்தில் கேழ்வரகுக் கூழும் பருப்புசாதமும் ஊட்டத் தொடங்கினாலோ இடைவெளி நீளும். மூளையின் கட்டளை பழையபடி கிளம்பும்.

பிரசவத்துக்குப் பிறகு போகிற உதிரம் நின்று, மறுபடி படுகிறது. இது மாதவிடாயா?

நாள் கணக்கைப் பாருங்கள். பிரசவ உதிரம் முதல் சில நாள் நல்ல சிவப்பாக இருக்கும். அப்புறம் பழுப்பாகி, கடைசியில் மஞ்சளும் வெள்ளையுமாக மாறும். 4 முதல் 6 வாரம் வரை இப்படி இருப்பது இயல்பு. பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்து, அந்த நேரத்தில் கொஞ்சம் அதிகமாகப் போகும். கருப்பை சுருங்குவதால் வருவது அது, நல்லதுதான். நின்றுவிட்டது என்று நினைத்து, ஒரு பக்கெட் துணியைத் துவைத்துக் காயப்போட்ட அன்று மறுபடி கொஞ்சம் படுவதும் உண்டு. உடம்பு ஓய்வு கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கத் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் முதல் 8 வாரத்துக்குள் படுவதை மாதவிடாயாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குப் பிறகு தொடர்ந்து இரண்டு நாள் பட்டால் மாதவிடாய் திரும்பிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு நாப்கின் ஒரு மணி நேரத்திலேயே முழுக்க நனைந்தால், எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி கட்டியாக விழுந்தால், துர்நாற்றம் அடித்தால், காய்ச்சலும் குளிரும் வந்தால், தலை சுற்றிக் கண் இருட்டினால் இது எதுவும் மாதவிடாய் இல்லை. விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

தூரமான நாளில் பால் கொடுத்தால் குழந்தைக்குச் சீர் தட்டும், அது தீட்டுப்பால் என்று மாமியார் சொல்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஒரு வேளைகூடத் தவறாமல்.

மாதவிடாயில் வெளியேறுவது கருப்பையின் உள்சவ்வும் அதோடு சேர்ந்த ரத்தமும். பால் உண்டாவது மார்பில் உள்ள பால் சுரப்பிகளில். ஒன்றிலிருந்து மற்றதுக்கு வழியே கிடையாது. அந்த நாளில் சுரக்கும் பாலிலும் குழந்தைக்கு வேண்டிய சத்தும் நோய் எதிர்ப்புச் சக்தியும் அப்படியேதான் இருக்கின்றன.

இந்த நம்பிக்கை எப்படி நிலைத்தது என்று எனக்குப் புரிகிறது. பல வீடுகளில் நடப்பது இதுதான். மருமகள் மூன்று நாள் பின்கட்டில் தனியாக இருப்பாள். மார்பு கல்லாகக் கட்டி, நைட்டி முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்து, மடித்த துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே குழந்தை அழும். பாட்டி பசும்பாலில் தண்ணீர் கலந்து பாலாடையில் புகட்டுவாள். இரண்டாம் நாள் குழந்தைக்குப் பச்சையாக வயிற்றால் போகும். "பார்த்தியா, தீட்டு பட்டுடுச்சு" என்பார்கள். வயிற்றைக் கெடுத்தது தாயின் பால் இல்லை. அதற்குப் பதிலாகக் கொடுத்த பாலும் சரியாகக் கொதிக்கவைக்காத பாலாடையும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். தாய்க்கோ பால் கட்டி, மார்பு சிவந்து காய்ச்சல் வரும். மூன்று நாள் குடிக்க ஆளில்லாததால் சுரப்பும் குறையும். பால் குறைந்ததற்கும் பழி தீட்டின் மேலேயே விழும்.

ஒதுங்கி உட்காரும் வழக்கம் இருக்கிற வீடாகவே இருக்கட்டும், குழந்தை உங்களிடம் இருக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "அத்தை, நர்ஸம்மாகிட்ட நீங்களே கேட்டுப் பாருங்க" என்று சொல்லுங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது நர்ஸம்மா சொன்னால் ஏறும். பேரக்குழந்தைக்கு நல்லது என்று தெரிந்தால் எந்தப் பாட்டியும் மறுக்க மாட்டார்.

அந்த நாளில் தலைக்குக் குளித்துவிட்டுப் பால் கொடுத்தால் குழந்தைக்குச் சளி பிடிக்குமா?

பிடிக்காது. சளி கிருமியால் வருகிறது, பால் வழியாகக் குளிர்ச்சி இறங்கி வருவதில்லை. ஈரத்தலை குழந்தை மேல் படாமல் துவட்டிக்கொண்டு கொடுங்கள், போதும்.

மாதவிடாய் வருவதற்கு முன்னால் பால் குறைந்த மாதிரி இருக்கிறது. குழந்தையும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஏன்?

இது உங்கள் கற்பனை இல்லை. கருமுட்டை வெளிப்படும் நாளிலிருந்து மாதவிடாயின் முதல் ஓரிரு நாள் வரை சிலருக்குச் சுரப்பு லேசாகக் குறையும். பாலில் உப்புச்சத்து கொஞ்சம் கூடி, சர்க்கரை கொஞ்சம் இறங்கும். நாக்கு கூர்மையான குழந்தைக்கு அது தெரிந்துவிடும். வாயில் வைப்பான், நான்கு இழுப்பு இழுப்பான், விடுவான், உங்கள் முகத்தைப் பார்ப்பான், காம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே வீறிடுவான். காம்பும் அந்த நாட்களில் தொட்டாலே கூசும், வலிக்கும். அப்போது அவன் இழுக்கிற இழுப்பில் உங்களுக்கும் கண்ணில் தண்ணீர் வரும்.

இரண்டு மூன்று நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிட அடிக்கடி மார்பில் போடுங்கள், ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் மாற்றுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது கொடுத்தால் பிகு பண்ணாமல் குடிப்பான். 24 மணி நேரத்தில் 6 தடவையாவது சிறுநீர் போகிறான், எடையும் ஏறுகிறது என்றால் அவனுக்குப் பால் போதுகிறது. பூண்டும் சுறாப்புட்டும் பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், பயந்துபோய் டப்பா பாலை மட்டும் திறந்துவிடாதீர்கள். இந்தக் குறைவு தானாகவே சரியாகும். டப்பா பாலுக்குப் பழகிய குழந்தை சப்புவதைக் குறைத்தால் வரும் குறைவைச் சரிசெய்வதுதான் கஷ்டம்.

கையில் பால் குடிக்கிற பிள்ளை இருக்கும்போது கரு தங்காது என்கிறார்களே?

பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோ என்ற ஊரில் வல்லுநர்கள் கூடி, தாய்ப்பால் எப்போது கருத்தடையாக வேலை செய்யும் என்று வரையறுத்தார்கள். மூன்று நிபந்தனை. குழந்தைக்கு 6 மாதம் முடியாமல் இருக்க வேண்டும். மாதவிடாய் திரும்பாமல் இருக்க வேண்டும். குழந்தைக்கு முழுக்க அல்லது ஏறக்குறைய முழுக்கத் தாய்ப்பால் மட்டுமே போக வேண்டும். மூன்றும் சேர்ந்து இருந்தால் பாதுகாப்பு 98 சதவீதம். ஒன்று தவறினாலும் அன்றே வேறு ஏற்பாடு வேண்டும்.

பலருக்குச் சறுக்குவது மூன்றாவது நிபந்தனையில். "தாய்ப்பால் மட்டும்தான் அக்கா" என்பார்கள். விசாரித்தால் காலையில் கிரைப் வாட்டர், மத்தியானம் சர்க்கரைத் தண்ணீர், ராத்திரி தூங்க ஒரு புட்டி பால் என்று வரும். இவை போகப் போகக் குழந்தை சப்புவது குறையும். பகலில் 4 மணி நேரத்துக்கு மேலும், இரவில் 6 மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு குறைவு. பம்ப் இழுப்பது குழந்தை சப்புவதற்கு ஈடாகாது.

மாதவிடாய் வராமலேயே கர்ப்பம் ஆக முடியுமா?

முடியும். கருமுட்டை வெளிவந்து சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிடாய். முதல் முட்டையே கருவாகிவிட்டால் மாதவிடாய் வர வாய்ப்பே இல்லை. குழந்தைக்கு 6 மாதம் தாண்டிய பிறகு இப்படி நடக்க வாய்ப்பு கூடுகிறது. குழந்தைக்கு 9, 10 மாதம் ஆகியிருக்கும், "பால் கொடுக்கிறதால வரல" என்று இருப்பார்கள். வாந்தியும் அசதியும் வந்த பிறகு ஸ்கேன் எடுத்தால் மூன்று மாதம் என்பார்கள்.

சந்தேகம் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். பால் கொடுப்பதால் அதன் முடிவு மாறாது. கர்ப்பம் உறுதியானாலும் கையில் இருக்கும் குழந்தைக்கு உடனே பாலை நிறுத்த வேண்டும் என்றில்லை. ஆரோக்கியமான கர்ப்பத்தில் தொடரலாம். முன்பு குறைப்பிரசவமோ கருச்சிதைவோ ஆகியிருந்தால், இப்போது உதிரம் பட்டால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பாலைப் பாதிக்காத கருத்தடை எது?

நிறைய இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பெரும்பாலானவை இலவசம்.

காப்பர்-டியில் ஹார்மோன் எதுவும் இல்லை. பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள் போடலாம், அதைத் தவறவிட்டால் 6 வாரம் கழித்துப் போடலாம். முதல் சில மாதம் உதிரப்போக்கு கொஞ்சம் அதிகமாக இருக்கும். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்களிடம் கேட்டு, நீங்கள் சரி என்ற பிறகுதான் அதைப் போட வேண்டும். போட்டிருப்பதே தெரியாமல் வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் வயிற்றுவலியோடு இருந்த பெண்களைப் பற்றிக் கேட்கும்போது கோபம்தான் வருகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், போட்டிருந்தால் அதில் எழுதியிருக்க வேண்டும்.

சாயா மாத்திரை லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தது. ஹார்மோன் இல்லாதது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. இதைச் சாப்பிடும்போது சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பால் கொடுப்பவர்கள் பிரசவமாகி 6 வாரம் ஆன பிறகு போட்டுக்கொள்ளலாம். இதில் மாதவிடாய் தாறுமாறாகும், பலருக்கு நின்றேவிடும், அதனால் ஆபத்தில்லை. ஆனால் நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதம் ஆகலாம். அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்கிறவர்களுக்கு இது ஏற்றதல்ல. மாலா-என் போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் பால் சுரப்பைக் குறைக்கக்கூடும், 6 மாதம் வரை வேண்டாம்.

ஆணுறை எப்போதும் உண்டு. குடும்பம் போதும் என்று முடிவெடுத்தவர்களுக்கு, கணவர் செய்துகொள்ளும் தழும்பில்லாக் கருத்தடை சிகிச்சை பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது. இரண்டு பிரசவம் பார்த்த உடம்புக்கு மூன்றாவதாக ஒரு ஆபரேஷன் எதற்கு?

வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரமே வந்துவிட்டது. தற்செயலா?

இல்லை. காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை குழந்தை சப்பவில்லை என்றால் உடம்பு அதைக் கவனித்துவிடும். பால் சுரப்பைக் காப்பாற்ற வேலை இடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பீய்ச்சுங்கள், வீட்டுக்கு வந்ததும் முதலில் பால் கொடுங்கள், இரவில் குறைக்காதீர்கள். மாதவிடாய் வந்ததை மாற்ற முடியாது, மாற்ற வேண்டியதும் இல்லை.

வந்தது, அப்புறம் இரண்டு மாதம் காணோம். மறுபடி 20 நாளில் வந்தது. பயப்படணுமா?

பால் கொடுக்கும்வரை சுழற்சி இப்படி முன்பின்னாக இருக்கும். முதல் சில தடவை முட்டையே வெளிவராமலும் உதிரம் போகலாம். முன்பைவிட அதிகமாகப் போனாலும் குறைவாகப் போனாலும் இரண்டு மூன்று சுழற்சி பார்க்கலாம். 7 நாளுக்கு மேல் நிற்காமல் போனாலோ, நடுநடுவே பட்டுக்கொண்டே இருந்தாலோ, தாம்பத்தியத்துக்குப் பிறகு பட்டாலோ காட்டிவிடுங்கள்.

ஒரு வருடம் ஆகியும் வரவில்லை. கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடாதா? எள்ளுருண்டை, கருஞ்சீரகம் சாப்பிடலாமா?

தங்காது. சவ்வு வளர்ந்தால்தானே கழிய வேண்டும்? பால் கொடுக்கும்போது அது வளரவே இல்லை, அதனால் உள்ளே எதுவும் சேர்வதில்லை. மாதவிடாய் ரத்தம் கெட்ட ரத்தமும் இல்லை, உடம்பில் ஓடுகிற அதே ரத்தம்தான். எள்ளுருண்டை இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் உள்ள பண்டம், ஆசைக்குச் சாப்பிடுங்கள், அது மாதவிடாயை வரவழைக்காது. மருந்துக் கடையில் "வர்றதுக்கு மாத்திரை" என்று கேட்டு வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதியாக வேண்டும்.

பாலை முழுக்க நிறுத்தி மூன்று மாதம் ஆகியும் வராவிட்டால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, நீர்க்கட்டிப் பிரச்சினை, கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்ததால் ஏற்பட்ட ஒட்டல் என்று காரணங்கள் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு, அரிது, ஆனால் தவறவிடக் கூடாதது. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், அதன்பின் பாலே சுரக்காமல், மாதவிடாயும் வராமல், எப்போதும் களைப்பும் குளிருமாக ஒரு பெண் இருந்தால் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டால் ஆபத்தில் முடியும். பிரசவத்தில் எவ்வளவு ரத்தம் போனது, எத்தனை பாட்டில் ஏற்றினார்கள் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மாதவிடாய் திரும்பிய பிறகு ரொம்ப அசதியாக இருக்கிறது.

முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. பிரசவத்தில் போன ரத்தம் சரியாகும் முன்பே மாதாமாதம் போகத் தொடங்கினால் அசதி வராமல் என்ன செய்யும்? பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை அரசே தருகிறது. பிரசவம் முடிந்ததும் அந்த அட்டையை அலமாரியில் போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், எடுத்துச் சாப்பிடுங்கள். டீ, காபியோடு சேர்க்காமல், சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

அடுத்த குழந்தைக்கு ஆசைப்படுகிறோம். மாதவிடாய் வரவில்லை. பாலை நிறுத்தியே ஆக வேண்டுமா?

முதலில் கையில் இருக்கும் குழந்தையின் வயதைப் பாருங்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவே 24 மாதமாவது இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் ஆன கருப்பைக்கு இந்த இடைவெளி இன்னும் முக்கியம்.

குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு வயதாகிவிட்டது என்றால் ஒரேயடியாக நிறுத்தாமல் ராத்திரிப் பாலை மட்டும் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும், ஓரிரு மாதத்தில் சுழற்சி தொடங்கிவிடும். முதல் மாதமே தங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், தொடக்கத்தில் சில சுழற்சிகள் வலுவில்லாமல் இருக்கும். இப்போதே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். காப்பர்-டி இருந்தால் எடுத்துவிட்டு முயற்சி செய்யலாம், அந்தரா ஊசி போட்டவர்கள் அதன் வேகம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆறு மாதம் முயன்றும் தங்கவில்லை, உங்களுக்கு 35 வயது தாண்டிவிட்டது என்றால் அதற்கு மேல் தள்ளிப்போடாமல் இருவரும் சேர்ந்து போய்க் காட்டுங்கள்.